சங்கு குளித்தவரின் இருமல்

நெஞ்சு நோய்ப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களோடு கொஞ்ச நேரம் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டவர்களிடம், எதைப் பற்றிப் பேசட்டும் என்று கேட்டேன். "இருமல் கதையைச் சொல்லுங்கோ மிஸ்" என்றார்கள். தாதியாக வேலை பார்த்த காலத்தில் பெரிய பெரிய காரியமெல்லாம் செய்ததாக நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஊரிலே எனக்கு நிலைத்த பெயரோ 'இருமல் மிஸ்'. சந்தைக்குப் போனால் மீன் விற்கிறவர்கூட என்னைக் கண்டதும் தொண்டையைச் செருமிக் காட்டுகிறார். அடுத்த தெருவுக்குக் கேட்கும் அந்தச் செருமல். போகட்டும், கதையைச் சொல்கிறேன். முதலில் அந்தக் கைபேசியை உள்ளே வையுங்கள்.

போர் முடிந்து சனம் முகாம்களிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. தகரம், தடி, தறப்பாள் என்று கிடைத்ததைக் கொண்டு கொட்டில் போட்டார்கள். காடு மண்டிய வளவுகளைக் கொளுத்தித் துப்புரவாக்கினார்கள். அந்தப் புகையெல்லாம் கடைசியில் எங்கள் ஆஸ்பத்திரி வாட்டுக்குத்தான் வந்து சேர்ந்தது. என்னுடைய ஊர் வெள்ளாங்குளத்துப் பக்கம். எங்கள் வயலில் கண்ணிவெடி எடுத்து முடியவில்லை என்றபடியால் ஆஸ்பத்திரிக்குக் கிட்ட உப்புக்குளத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போய்வந்தேன். நெல்லுக்காரி நான். கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது உப்புக் கரிக்கும் என்பது மட்டும்தான்.

எங்கள் பெரிய டொக்டர் ஒரு பெண். ஆள் கட்டை, மெல்லிசு, நடையோ ஓட்டம். நெஞ்சு பழுதானவர்களைப் பற்றி அவருக்கு ஒரு கேள்வி இருந்தது. நுரையீரல் கெட்டவர்களால் மூச்சை முழுக்க வெளியே விட முடியாது. அதனால் காபனீரொட்சைட்டு என்கிற கரியமில வாயு வெளியேறாமல் இரத்தத்தில் தங்கிக் கூடிக்கொண்டே போகும். அப்படிக் கூடியவர்களுக்கு இருமல் மழுங்கிப்போகிறதா என்பதுதான் கேள்வி. இருமல்தானே மூச்சுக்குழாய்க்குக் காவல்? சோறோ தண்ணியோ வழி தவறி அதற்குள் போனால் அடித்துத் துரத்துவது அதுதான். காவல் தூங்கிவிட்டால் சாப்பாடு சத்தமில்லாமல் நெஞ்சுக்குள் இறங்கும், பிறகு நிமோனியா, பிறகு சவப்பெட்டிக்காரர்.

இதைச் சோதிக்கத் தேசிக்காயின் புளிப்பில் இருக்கிற அதே சித்திரிக் அமிலத்தை உப்புத் தண்ணீரில் கரைத்துப் பனிப்புகார் மாதிரி ஆவியாக்கி மூச்சில் இழுக்கக் கொடுப்போம். முதலில் மென்மையாக, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் காரமாக. எந்த இடத்தில் ஆள் இருமுகிறார் என்று டொக்டர் மணிக்கூட்டில் நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். நோயாளி ஒருவரைத் தொடுமுன் பெரிய டொக்டர் தானே அதை இழுத்துப் பார்த்தார். பிறகு எங்கள் எல்லாரையும் வரிசையில் இருத்தி இழுக்க வைத்தார். அன்றைக்கு நாங்கள் இருமிய இருமலில் பக்கத்து வாட்டிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். மனிதருக்குச் செய்கிற சோதனை எதையும் அப்படித்தான் தொடங்கவேண்டும் என்று நான் அவரிடம் படித்தேன்.

இனிச் சந்தியோகு அண்ணைக்கு வருவோம். தீவுக்கரையில் ஒரு கத்தோலிக்கக் கிராமத்து ஆள். இளமையில் சங்கு குளித்தவர். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்குவது பிந்திய காலத்துச் சங்கதி. அண்ணை செய்தது பழைய முறை. இடுப்பில் கயிறு, காலில் கல், மூச்சை அடக்கிக்கொண்டு அடிமணலுக்குப் போய்ச் சங்கு பொறுக்கி வருவது. பிறகு கடலை விட்டுப் பீடியைப் பிடித்தார். பீடி அவரை விடவில்லை.

வள்ளத்தில் அவருடைய கயிற்றைப் பிடித்திருந்தவர் யோசேப்பு அண்ணை. சந்தியோகு அண்ணையின் மனைவியின் தமையன். அந்தக் கரையில் அதுதான் வழக்கமாம். குளிக்கிறவனின் கயிற்றை மச்சான்காரன் கையில்தான் கொடுப்பார்கள். சொந்தத் தங்கச்சியின் தாலி அறும்படி எந்தத் தமையன் கயிற்றை நழுவவிடுவான் என்ற கணக்கு. அந்தத் தங்கச்சி கடைசி இடப்பெயர்வில், வழியிலேயே காய்ச்சல் கண்டு போய்விட்டா. ஒரு பூசை வைத்து அடக்கக்கூட முடியவில்லை. ஆனாலும் இரண்டு மச்சான்மாரும் பிரியவில்லை. முகாமில் ஒரே கொட்டில், ஊர் திரும்பியும் ஒரே வளவு. சந்தியோகு அண்ணை நெஞ்சுச் சளியும் காய்ச்சலுமாக எங்கள் வாட்டுக்கு வந்தபோது கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையை யோசேப்பு அண்ணை பிடித்துக்கொண்டார். பார்வையாளர் நேரம் முடிந்தது என்று சொன்னால், காது கேட்காதது மாதிரி இருப்பார்.

ஊர்க் கோயிலுக்குத் தகரக் கூரை போட்டுத் திருத்தி, மீள்குடியேறிய பின் வருகிற முதல் பெருநாளுக்கு ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. அந்தப் பெருநாள் பூசையில் தன் பெண்சாதியின் பெயர் சொல்லி மன்றாடும்போது நன்மை எடுக்கவேண்டும் என்பதுதான் சந்தியோகு அண்ணையின் ஒரே ஆசை. நான் சைவக்காரி, சிவராத்திரிக்குத் திருக்கேதீஸ்வரம் போகிறவள். நன்மை என்றால் பூசையில் சுவாமி, அதாவது பாதிரியார், நாக்கில் வைக்கிற அப்பம் என்று அவர்தான் எனக்கு விளங்கப்படுத்தினார்.

"அவளைக் கட்டினது அந்தக் கோயில்லைதான் மிஸ். அவளுக்கெண்டு ஒரு பூசை நான் இன்னும் காணேல்லை" என்றார்.

காய்ச்சல் இறங்கி ஆள் தேறியதும், அவருடைய சம்மதத்தோடு சோதனையில் சேர்த்தோம். மணிக்கட்டு நாடியில் இரத்தம் எடுத்துப் பார்த்தால் காபனீரொட்சைட்டு நன்றாகவே கூடியிருந்தது. ஆவியைக் கொடுத்தோம். மென்மையானதற்கு ஒன்றுமில்லை. அடுத்ததற்கும் ஒன்றுமில்லை. நாங்கள் எல்லாரும் கண்ணீர் விட்டு இருமிய காரத்துக்கும் மனுசன் சிலை மாதிரி இருந்தார். கடைசி, ஆகக் காரமானது. ஒரு செருமல்கூட இல்லை.

பெரிய டொக்டரின் சந்தேகத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆனால் அவருடைய முகம் வாடிவிட்டது. இருமலே இல்லாத ஒருவருக்கு வாயால் சாப்பாடு கொடுக்க முடியாது. விழுங்குவதைப் படம் பிடித்துப் பார்க்கும் வசதி அப்போது எங்களிடம் இல்லை; வெளியூருக்கு அனுப்பவேண்டும், அதற்கு முறை வரும்வரை மூக்கால் குழாய். அன்றைக்கே குழாய் போட்டோம். சந்தியோகு அண்ணை ஒரேயொரு கேள்விதான் கேட்டார்: குழாயோடு நன்மை எடுக்கலாமா? வாயால் ஒன்றும் போகக்கூடாது அண்ணை என்றேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

அடுத்த நாள் குழாயில் பால் விடுவதற்குப் போகிறேன், வாட்டே சிரித்துக்கொண்டிருக்கிறது. சந்தியோகு அண்ணை மூக்கில் குழாய் தொங்க எழும்பி இருந்து, பக்கத்துக் கட்டில்காரருக்குத் தன் பிரதாபத்தை அளந்துகொண்டிருந்தார். டொக்டர்மார் புளிப்புப் புகையை விட்டு விட்டுப் பார்த்தார்களாம், தன்னை அசைக்க முடியவில்லையாம். யோசேப்பு அண்ணை ஓம் ஓம் என்று தலையாட்டிப் பெருமையில் பூரித்துப்போய் இருந்தார். அண்ணை, உங்களுக்கு இருமல் வந்ததா வரவில்லையா என்று கேட்டேன்.

"வராமலே? நெஞ்சு கிழிஞ்சுது. அடக்கினனான். டொக்டர் கையிலை மணிக்கூட்டோடை நிக்கிறா, நான் தோத்துப்போறதே? தண்ணிக்குள்ளை இருமினவன் மேலை வந்ததில்லை மிஸ்."

இருமல் வந்தால் இருமுங்கள் என்றுதான் எல்லாருக்கும் சொல்லியிருந்தோம். அடக்காதேங்கோ என்று ஒருவரும் சொல்லவில்லை. மணிக்கூட்டோடு ஒருவர் எதிரே நிற்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பது அந்த மனுசனுக்கு வாழ்நாள் தொழில். நாங்கள் சோதனை வைத்தோம்; அவர் அதைப் போட்டி என்று எடுத்துக்கொண்டார்.

ஓடிப்போய்ப் பெரிய டொக்டரிடம் சொன்னேன். கதிரையில் சாய்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. அதுவரை செய்து முடித்திருந்த எல்லாருடைய சோதனையும் செல்லாது, முதலிலிருந்து செய்வோம் என்றார். எத்தனை மாத வேலை! மற்றவர்கள் சங்கு குளிக்கவில்லையே டொக்டர் என்று மன்றாடிப் பார்த்தேன்.

"மற்றவை ஏன் அடக்கியிருப்பினம் எண்டு எங்களுக்கு என்ன தெரியும்? பங்கர்க் குழிக்குள்ளை சத்தம் வெளியிலை கேக்காமல் பிள்ளையின்ரை வாயைப் பொத்திக்கொண்டிருந்த சனம் இது" என்றார்.

பிள்ளைகளே, ஆராய்ச்சி செய்கிறேன் என்று இப்போது நீங்களும் புறப்படுகிறீர்கள். நல்லது. தன் எண்ணத்துக்கு அவ்வளவு வாய்ப்பாக வந்த முடிவை ஒரு நொடியில் தூக்கிப் போட்ட அந்த மனுசியை நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவரிலே கோபமும் வந்தது, காலில் விழவேண்டும் போலவும் இருந்தது.

சந்தியோகு அண்ணைக்குத் திரும்பச் சோதனை வைத்தோம். இந்த முறை இருமினவர்தான் வென்றவர் என்று அவருடைய பாஷையிலேயே சொன்னேன். அப்படியிருந்தும் முதல் ஆவிக்கு மனுசன் பழக்கதோசத்தில் அடக்கினார். பக்கத்தில் நின்று பார்த்தேன். முகத்தில் ஒன்றும் தெரியாது. ஆனால் கட்டில் விளிம்பைப் பிடித்த கை இறுகி, விரல் மூட்டெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. அண்ணை, கையை விடுங்கோ என்றேன். விட்டார். விட்டதும் வந்தது பாருங்கள் ஒரு இருமல். குழாயைக் கழற்றினோம். அன்று பின்னேரம் மச்சான்மார் இருவரும் பால் விடாத ஒரு பிளேன்ரீயை ஆளுக்குப் பாதியாகக் குடித்தார்கள். வாட்டில் அது பெரிய பகிடியாகிவிட்டது. அண்ணை கொஞ்சம் பேசாமல் இருந்தாலே போதும், அடக்குறார் அடக்குறார் என்று சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

நாங்கள் பழகிய அந்தப் பகிடிதான் பிறகு ஆளைக் கொல்லப் பார்த்தது.

பெருநாள் கிட்டிவிட்டது. அண்ணைக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்ப இருந்த நேரம், திரும்பவும் மூச்சு வாங்கத் தொடங்கியது. மூக்கில் ஒட்சிசன் வைத்தோம். இப்படியானவர்களுக்கு அதைக் கொஞ்சமாகத்தான் கொடுக்கவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அளவுக்கு மிஞ்சிக் கொடுத்தால் காபனீரொட்சைட்டு இன்னும் கூடும், மூளை மயங்கும், இருமலும் சேர்ந்து தூங்கிவிடும்.

மத்தியானம், பார்வையாளர் நேரம். யோசேப்பு அண்ணை வீட்டிலிருந்து சொதி விட்டுக் குழைத்த சோறு கொண்டுவந்து மச்சானுக்குக் கரண்டியால் தீத்திக்கொண்டிருந்தார். நான் கட்டிலுக்குக் கிட்டப் போகும்போது சந்தியோகு அண்ணையின் கண் பாதி மூடியிருந்தது. மூச்சில் ஒரு கொறகொறப்பு. தொண்டையில் சோறு நிற்கிறது, இருமல் இல்லை. வாட்டில் நின்ற இளம் டொக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, அண்ணை திரும்பவும் அடக்குகிறார் என்று சிரித்தார். யோசேப்பு அண்ணையும் சிரித்தார். இவன் விளையாட்டை விடமாட்டான் டொக்டர் என்று அடுத்த கரண்டியை எடுத்தார். விரலில் மாட்டியிருந்த கருவியில் ஒட்சிசன் அழகாக, நிறைவாக இருந்தது. பார்க்கிற யாருக்கும் பயப்பட ஒன்றுமில்லை.

எனக்கும் சிரிப்பு உதட்டுவரை வந்தது. அப்போதுதான் போர்வைக்கு மேல் கிடந்த கையைப் பார்த்தேன். உள்ளங்கை மேலே பார்க்க, விரல்கள் விரிந்து கிடந்தன. தொட்டால், காபனீரொட்சைட்டு ஏறினவர்களின் கை மாதிரிச் சுட்டது. நான் யோசேப்பு அண்ணையின் கரண்டியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"அண்ணை, தண்ணிக்குள்ளை மூச்சடக்கேக்கை இவற்றை கை எப்பிடி இருக்கும்?"

"கயிறை இறுக்கிப் பிடிச்சிருக்கும் மிஸ்."

சொல்லிவிட்டு அவரும் அந்தக் கையைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே செத்துப்போனது.

"ஐயோ மிஸ், இவன் கயிறை விட்டிட்டான்."

சோற்றை வாயிலிருந்து வழித்தெடுத்து, ஆளை நிமிர்த்தி, தொண்டையைத் துப்புரவாக்கத் தொடங்கினேன். இளம் டொக்டர், ஒட்சிசன் நல்லாத்தானே இருக்கு மிஸ் என்றார். அது நல்லாக இருப்பதுதான் எனக்குப் பயம் டொக்டர், அந்தக் கருவிக்குக் காபனீரொட்சைட்டைத் தெரியாது, நாடியில் இரத்தம் எடுங்கோ என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போனது. சுவரில் ஒட்சிசன் குமிழைப் பார்த்தால் நாங்கள் வைத்த இடத்தில் அது இல்லை, நன்றாகத் திறந்திருந்தது. அடைக்கப் பாய்ந்த டொக்டரின் கையைத் தடுத்தேன். ஒரேயடியாக மூடினால் அதுவும் ஆபத்து. மெதுவாகக் குறைத்தோம். பெரிய டொக்டர் ஓடிவந்தார். மூச்சுக்கு உதவுகிற முகமூடி மெஷினைப் பூட்டினோம். இரத்தத்தில் காபனீரொட்சைட்டு நாங்கள் பயந்ததைவிட ஏறியிருந்தது.

குமிழைத் திறந்தவர் யோசேப்பு அண்ணைதான். மறைக்கவில்லை, தானாகவே சொன்னார். விறாந்தையில் சுவரோடு ஒட்டி நிலத்தில் இருந்துகொண்டு, என்னை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்.

"மேலை வாறவன் மூச்சுக்குத் தவிச்சால் காத்துக் குடுக்கிறதுதானே மிஸ் எங்கடை வேலை. என்ரை தங்கச்சியையும் விட்டிட்டன், இவனையும் நானே தண்ணிக்குள்ளை அமத்திப்போட்டன்."

நான் பக்கத்தில் இருந்தேன். அப்போது பெரிய டொக்டர் வந்தார். அவரும் நிலத்தில், யோசேப்பு அண்ணைக்குப் பக்கத்தில் இருந்தார். பிழை உங்களில் இல்லை, மச்சானுடைய உயிர் உங்கள் கையில் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும், தெரிந்தும் உங்களுக்கு நாங்கள் எதையும் விளங்கப்படுத்தவில்லை என்று சொன்னார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். அந்தத் திரும்பலில் நாங்கள் வாங்கியது எங்களுக்குத்தான் தெரியும். அன்றிலிருந்து எங்கள் வாட்டில் ஒட்சிசன் வைக்கும்போது, கட்டிலில் படுத்திருப்பவருக்கும் கதிரையில் இருப்பவருக்கும் சேர்த்தே சொல்வோம். இன்றைக்கும் நீங்கள் அப்படிச் செய்கிறீர்களா என்று நான் விசாரிப்பேன், ஞாபகம் இருக்கட்டும்.

அண்ணை கண் திறந்தபோது முகமூடியை இழுத்துக் கேட்ட முதல் கேள்வி, பெருநாள் முடிந்துவிட்டதா என்பது. இல்லை என்றோம். யோசேப்பு எங்கே என்று கேட்டார். அவர் உள்ளே வர மாட்டேன் என்று நின்றார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கட்டிலடியில் விட்டேன். நடந்ததை யோசேப்பு அண்ணை விக்கி விக்கிச் சொல்லி முடிக்குமட்டும் சந்தியோகு அண்ணை கேட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தினை தரம் என்னை மேலை தூக்கினனீ. ஒருக்கால் அமத்தினதுக்கு மூஞ்சையைத் தூக்கிக்கொண்டு நிக்கிறாய். கதிரையிலை இரடா" என்றார்.

மறுபடி குழாய் போடலாமா என்று பெரிய டொக்டர் நிறைய யோசித்தார். போட்டால் ஆபத்து குறைவு; நன்மை இல்லை. காபனீரொட்சைட்டு இறங்கும்வரை பொறுத்து, கடைசியாக ஒருமுறை ஆவியைக் கொடுத்தார். யோசேப்பு அண்ணை பக்கத்தில் நின்று, இருமடா இருமடா என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். மென்மையான ஆவிக்கே இருமினார். அதற்குப் பிறகும் பெரிய டொக்டர் உடனே தலையாட்டவில்லை. தண்ணீரைக் கரண்டியால் கொடுத்து, கழுத்தில் விரல் வைத்து, விழுங்குவதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். நிமிர்ந்து இருக்கவேண்டும், அப்பத்தில் நகக்கண்ணளவு துண்டு, தண்ணீரில் நனைத்து என்று சொல்லி, சுவாமிக்கும் ஆள் அனுப்பினார். என்னைப் பார்த்து, நீங்களும் கூடப் போங்கோ என்றார். தொண்டையைத் துப்புரவாக்கும் சாமான்களைப் பையில் கட்டிக்கொண்டு, ஒரு வான் வண்டியில் அவர்களோடு போனேன்.

தகரக் கூரையின் கீழ் கோயில் வெந்துகொண்டிருந்தது. சனம் நிறைந்து வாசலுக்கு வெளியேயும் நின்றது. போரில் போனவர்களின் பெயர்களைச் சுவாமி வாசித்தார். தங்கச்சியின் பெயர் வந்தபோது இரண்டு மச்சான்மாரும் தலையைக் குனிந்தார்கள். பிறகு சுவாமி, சந்தியோகு அண்ணையை இருத்தியிருந்த கதிரைக்குக் கிட்ட வந்து, நனைத்த துண்டை நாக்கில் வைத்தார்.

அண்ணை விழுங்கினார். எல்லாரும் கண்ணை மூடிச் செபிக்கிற நேரம், ஒரு சத்தமில்லை. அவர் முகம் சிவப்பதை நான் கண்டேன். கோயிலுக்குள், அந்த நேரத்தில், எந்த மரியாதையான மனுசனும் இருமலை அடக்கத்தான் பார்ப்பான். அடக்காதேங்கோ அண்ணை, அடக்காதேங்கோ என்று எனக்குத் தெரிந்த கடவுளையும் தெரியாத கடவுளையும் கும்பிட்டேன்.

இருமினார். தகரம் அதிர இருமினார். ஒன்றல்ல, அடுக்கடுக்காக. முன்வரிசை திரும்பிப் பார்த்தது. ஒரு பெண் முகத்தைச் சுளித்தா. ஒழுங்கு பார்த்துக்கொண்டு நின்ற ஒருவர், வெளியே கூட்டிக்கொண்டு போவோம் என்று விரைந்து வந்தார். யோசேப்பு அண்ணை மச்சானின் முதுகில் கையை வைத்துக்கொண்டு மெல்லச் சொன்னார்.

"இருமட்டும், விடுங்கோ."

வந்தவர் ஒதுங்கி நின்றார். இருமி முடித்துச் சந்தியோகு அண்ணை மூச்சை இழுத்தார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். துண்டு இல்லை, வயிற்றுக்குப் போயிருந்தது, மூச்சும் துப்புரவு. அவர் என்னைப் பார்க்கவில்லை. மச்சானைப் பார்த்தார்.

"அவளுக்கு எடுத்திட்டன்" என்றார்.

யோசேப்பு அண்ணை சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நானும் பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.